கிளட்ச் ஒயில் கறுத்துப் போனால்: மேலே விட்டு நிரப்புவதா, முழுக்க மாற்றுவதா?

மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய ஜப்பான் கார், மனுவல் கியர். பொனெட்டைத் திறந்தால் கிளட்ச் ஒயில் கிண்ணம் கன்னங்கரேலென்று கிடக்கிறது, பிறேக் ஒயில் கடும் பழுப்பு. கராஜில் காட்டினால், "மட்டம் சரியாத்தானே இருக்கு, குறைஞ்சா விட்டு நிரப்பினாச் சரி" என்கிறார்களாம். மாற்றத்தான் வேண்டுமா, மாற்றுவதென்றால் வீட்டில் வைத்தே செய்யலாமா என்பதுதான் கேள்வி.

மாற்றத்தான் வேண்டும் தம்பி. வீட்டில் வைத்தும் செய்யலாம், கூட ஒரு ஆள் இருந்தால் அரை நாள் வேலை. ஆனால் கறுத்த கிளட்ச் ஒயிலைப் பார்த்துத்தான் நீங்கள் பயந்திருக்கிறீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பழுப்பு பிறேக் ஒயிலுக்குத்தான் கூடப் பயப்படுவேன்.

முதலில் ஒன்று. கிளட்ச் ஒயில் என்று தனியாக ஒரு சாமான் அநேகமாகக் கிடையாது. உங்கள் காரைப் போன்றவற்றில் கிளட்சுக்கும் பிறேக்குக்கும் போவது ஒரே பிறேக் ஒயில்தான். சில கார்களில் இரண்டுக்கும் ஒரே கிண்ணம், பக்கத்தில் இருந்து ஒரு சின்னக் குழாய் கிளட்ச் மாஸ்டர் பம்புக்குப் போகும். சிலவற்றில் கிளட்சுக்குத் தனியாக ஒரு குட்டிக் கிண்ணம் இருக்கும். அல்டோ மாதிரிச் சின்னக் கார்களில் கிளட்ச் கேபிளில் இழுபடும், அங்கே ஒயில் கதையே இல்லை. ஐரோப்பியக் கார்கள் சிலவற்றில் மட்டும் பச்சை நிறத்தில் கனிய எண்ணெய் போகும். அதற்குள் பிறேக் ஒயில் விட்டாலும் கெடும், பிறேக் கிண்ணத்துக்குள் அதை விட்டாலும் கெடும். ஆகவே மூடியில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் போத்தலைத் திறக்க வேண்டும்.

சரி, கிளட்ச் பக்கம் ஏன் இவ்வளவு கறுக்கிறது? பெடலுக்குப் பக்கத்தில் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப், கியர்பொக்ஸில் அந்தத் தள்ளலை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் பம்ப், இரண்டுக்கும் இடையில் ஒரு குழாய், அவ்வளவுதான் அந்த அமைப்பு. உள்ளே இருக்கும் ஒயில் மிகக் கொஞ்சம். பட்டணத்துக்குள் ஓடும்போது ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறோம்? ஒவ்வொரு மிதிக்கும் இரண்டு பம்பிலும் ஒயில் கசியாமல் அடைக்கும் இறப்பர் கப்புகள் இரும்பிலோ அலுமினியத்திலோ உரசுகின்றன. தேய்ந்த இறப்பர்த் தூளும் உலோகத் தூளும் அந்தக் கொஞ்ச ஒயிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், வெளியே போக வழியில்லை. ஸ்லேவ் பம்ப் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒயிலும் காய்ந்து நிறம் மாறும். அதனால் கறுப்பு என்றால் பம்ப் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கன காலமாக யாரும் மாற்றவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தத் தூள் அரம் மாதிரி வேலை செய்து கப்பையும் பம்பின் உட்சுவரையும் மேலும் தின்னும். விட்டுவைத்தால் ஒரு நாள் கிளட்ச் பெடல் நிலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும், கியர் விழாது. கல்லடிப் பாலத்தில் நடுவழியில் நின்றால் பின்னால் வருகிறவன் வாயால் என்னென்ன கேட்க வேண்டி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அலுப்புத்தான். ஆனாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

பிறேக் ஒயிலின் கதை வேறு. அது தண்ணீரை உறிஞ்சும் சாதி. கிண்ணத்து மூடியின் காற்றுத் துவாரத்தாலும், சில்லுகளுக்குப் போகும் இறப்பர்க் குழாய்களின் சுவராலும் காற்றில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதே என்றால் சரிவராது, இறப்பருக்கூடாகவும் ஈரம் ஊறும். நாம் இருப்பது எங்கே? ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. மாரி தொடங்கினால் தை வரைக்கும் உடுப்புக்கூடக் காயாத ஊர். கண்டிப் பக்கம் ஓடும் காரை விட இங்கே இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

தண்ணீர் கலந்தால் என்ன நடக்கும் என்பதை எண்ணிலேயே பாருங்கள். டொட் 3, டொட் 4 என்று போத்தலில் போட்டிருப்பது பிறேக் ஒயிலின் தரம். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதற்குள் 3.7 வீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். டொட் 4 என்றால் 230, தண்ணீர் சேர்ந்தால் 155. டொட் 5.1 இல் 260, 180. நூற்றுக்கு நாலு பங்குகூட இல்லாத தண்ணீர் அறுபத்தைந்தில் இருந்து எண்பது பாகை வரை தின்றுவிடுகிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சமதரையில் ஓடும் வரைக்கும் இது தெரியவே தெரியாது. பிறேக் அந்த அளவுக்குச் சுடாது. லீவுக்கு நுவரெலியா போய்விட்டு பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை என்று செங்கலடிக்கு இறங்கி வரும்போதுதான் கதை வெளியே வரும். பதுளை கடல் மட்டத்தில் இருந்து 600 மீற்றருக்கு மேலே. அங்கிருந்து வளைவு வளைவாக இறங்கும் பாதையில், நிறைந்த ஆட்களோடு, மூன்றாம் நாலாம் கியரில் பிறேக்கில் காலை வைத்தபடி வந்தால் சில்லுப் பக்கத்து ஒயில் கொதித்து ஆவியாகும். ஒயிலை அமத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. எப்படியோ நிறுத்தி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் பெடல் பழையபடி கல்லுப் போல இருக்கும், ஏனென்றால் சூடு இறங்கியதும் ஆவி திரும்ப ஒயிலாகிவிடும். ஊருக்கு வந்து கராஜில் காட்டினால் அவர் மிதித்துப் பார்த்து, "ஒண்டும் இல்லை, நல்லாத்தானே பிடிக்குது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. குளிர்ந்த பிறேக்கில் அந்தக் குறை தெரியாது.

இன்னொன்று, நிறத்தை நம்ப வேண்டாம். தண்ணீர் ஏறிய ஒயில் தெளிவான மஞ்சளாகவும் இருக்கும், கறுத்த ஒயிலில் தண்ணீர் குறைவாகவும் இருக்கும். கண்ணாடி போல இருக்கிறது, மாற்றத் தேவையில்லை என்பதும் பிழைதான். பேனை போல ஒரு டெஸ்டர் கிடைக்கிறது, கிண்ணத்துக்குள் விட்டால் பச்சை, மஞ்சள், சிவப்பு லைட் எரியும். அது சிவப்புக் காட்டினால் மாற்றுங்கள். பச்சை காட்டினால் மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள், கிண்ணத்து ஒயிலைத்தான் அது பார்க்கிறது, சில்லுப் பக்கத்து ஒயிலை அல்ல. பல கம்பனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கின்றன. கடற்கரையோரம் இருப்பவர்கள் அதற்கு மேல் இழுக்காமல் இருந்தால் நல்லது. பிறேக்குக்கு மாற்றும் அன்றே கிளட்சுக்கும் மாற்றிவிடுங்கள், எப்படியும் போத்தல் திறந்துதானே இருக்கும்.

"குறைஞ்சா விட்டு நிரப்பு" என்பதில் எனக்கு உள்ள கோபம் வேறு. பிறேக் ஒயில் எஞ்சின் ஒயில் போல எரிந்து குறைவதில்லை. குறைந்தால் இரண்டே காரணம். ஒன்று பிறேக் பாட் தேய்ந்து, பிஸ்டன் வெளியே வந்து, அந்த இடத்தை ஒயில் நிரப்பியிருக்கும். மற்றது எங்கேயோ ஒழுகுகிறது. முதலாவதென்றால் மேலே விட்டு நிரப்பவே தேவையில்லை. நிரப்பினால், புதுப் பாட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளும்போது கிண்ணம் பொங்கி வழிந்து பெயின்டைத் தின்னும். இரண்டாவதென்றால் நிரப்புவது ஒழுக்கை மறைப்பது. கிளட்ச் கிண்ணத்தில் குறைந்தால் அது ஒழுக்குத்தான், வேறு பேச்சில்லை. பெடலுக்கு மேலே, கால் வைக்கும் பக்கத்தில், மாஸ்டர் பம்பின் தண்டைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் ஸ்லேவ் பம்பின் இறப்பர் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அந்த ஒயிலை வாங்குங்கள். டொட் 3 என்று இருந்தால் டொட் 4 உம் விடலாம், இரண்டும் ஒரே குடும்பம். டொட் 5 என்று வெறுமனே இருப்பது சிலிக்கோன், அது வேறு சாதி, கலக்கவே கூடாது; 5.1 உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரை லீற்றர்ப் போத்தல் இரண்டு இருந்தால் பிறேக்குக்கும் கிளட்சுக்கும் பெரும்பாலும் போதும். சீல் உடைக்காத போத்தலாக வாங்குங்கள். கராஜ் தட்டில் பாதி குறைந்து மூடி திறந்து கிடக்கும் போத்தலில் இருந்து ஊற்ற விடாதீர்கள். அது போன மாரியின் ஈரத்தைக் குடித்த ஒயில். வேலை முடிந்து மிஞ்சுவதை அடுத்த வருடத்துக்கு என்று பத்திரப்படுத்தவும் வேண்டாம். மழை நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பாமசியில் பெரிய சிரிஞ் ஒன்றும் சேலைன் குழாய் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்க்கூடாக ஒயிலின் நிறமும் காற்றுக் குமிழும் தெரியும், விலையும் பெரிதில்லை. சில்லுப் பக்கத்திலும் ஸ்லேவ் பம்பிலும் ஒயிலை வெளியே விடத் திறக்கும் குட்டித் திருகுதான் நிப்பிள். அதற்குப் பெரும்பாலும் 8 அல்லது 10 மில்லிமீற்றர் ஸ்பானர். வாய் திறந்த ஸ்பானர் போட வேண்டாம், ரிங் ஸ்பானர் மட்டும். பெயின்டில் பட்டால் உடனே கழுவ ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். துடைத்தால் போகாது, தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய ஒயில் பிடிக்கும் போத்தலைக் குடிக்கும் போத்தல் போல வைக்காதீர்கள், அது நஞ்சு. வீட்டில் பிள்ளைகளும் நாயும் இருக்கும். அதை வாவியிலோ கானிலோ ஊற்றவும் வேண்டாம்.

நம் பக்கத்தில் அரைவாசி வேலை நிப்பிள் கழற்றுவதுதான். உப்புக்காற்றில் அதன் குட்டி இறப்பர் மூடி போயிருந்தால் உள்ளே துருப் பிடித்து இறுகியிருக்கும். பலமாகத் திருப்பினால் தலை உடையும், பிறகு அது பூட்டியிருக்கும் கலிப்பரையோ வீல் பம்பையோ மாற்ற வேண்டி வரும். முதல் நாள் இரவே துரு இளக்கி அடித்து வையுங்கள். அடுத்த நாள் சின்னச் சுத்தியலால் நிப்பிளின் தலையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன்னால், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அசைத்துப் பாருங்கள். டிக் என்று ஒரு சத்தம் வந்தால் விட்டுவிட்டது. அதற்கும் அசையாவிட்டால் விட்டுவிட்டு கராஜுக்குப் போங்கள், அடம் பிடிக்க வேண்டாம்.

கிண்ணத்தில் உள்ள பழைய ஒயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், அடியில் உள்ள சேற்றை நூல் விடாத சீலைத்துண்டால் துடைத்தெடுங்கள். உறிஞ்சி முடிந்ததும் கிண்ணத்தின் வாய் திறந்திருக்கும்போதே பெடலை யாரும் மிதித்துவிடக் கூடாது. புதிய ஒயில் நிரப்பி மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டுப் பின் சில்லுக்குப் போங்கள். நம் கார்கள் வலப்பக்கம் ஸ்டியரிங், மாஸ்டர் பம்பும் அந்தப் பக்கம். ஆகவே தூரத்தில் இருப்பது இடது பின் சில்லு. அதில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வரலாம். காருடைய கையேட்டில் வேறு ஒழுங்கு சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள். ஒயில் மட்டும் மாற்றுவதென்றால் ஒழுங்கு பிசகினாலும் பெரிய பாவமில்லை.

நிப்பிளில் குழாயைச் செருகி, மறுமுனை போத்தலுக்குள் கொஞ்சம் ஒயிலில் தாழ்ந்திருக்கட்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து, மிதித்தபடியே பிடித்துக்கொண்டு "மிதிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் ஒயில் ஓடும், பெடல் கீழே போகும். பெடல் போய் முடியும் முன்னமே இறுக்கிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். இந்த ஒழுங்கு பிசகினால் காற்றை உள்ளே இழுத்துவிடும், வேலை இரட்டிப்பாகும். அவசரக்காரரை உள்ளே இருத்தாதீர்கள். வீட்டில் பொறுமைசாலி யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பழைய காரில் இன்னொரு கவனம். பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள், அடிமட்டம் வரை போகாமல் இருக்க. தினம் ஓடும்போது மாஸ்டர் பம்பின் கப் பாதித் தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் உட்சுவரில் துருவும் கசடும் படிந்திருக்கும். முழுக்க மிதித்தால் கப் அந்தச் சொரசொரப்பில் ஏறிக் கிழியும். "ஒயில் மாத்தப் போய் பிறேக் போச்சு" என்று ஊரில் சொல்வதில் பாதி இப்படி நடந்ததுதான். ஒயிலில் குற்றமில்லை.

குழாயில் புதிய ஒயிலின் தெளிந்த நிறம் வரும் வரைக்கும் மிதிக்க வேண்டும். ஒவ்வொரு ஐந்தாறு மிதிக்கும் கிண்ணத்தை எட்டிப் பாருங்கள். மட்டம் அடியைத் தொட்டால் காற்று ஏறும். சடுதியாக அமத்தும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் அதன் பெட்டிக்குள் காற்று போனால் பல கார்களில் கம்பியூட்டர் பூட்டித்தான் எடுக்க வேண்டி வரும். அக்குவா, பிரியஸ், அக்சியோ ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இந்த முறையை விட்டுவிடுங்கள். அவற்றின் பிறேக்கை இலத்திரனியல் பம்ப் ஒன்று இயக்குகிறது. ஸ்கேனர் இல்லாமல் தொடக்கூடாது.

கிளட்சுக்கு இதே வேலைதான், ஆனால் கிளட்ச் பெடல் தானாகத் திரும்பி வராமல் தரையிலேயே கிடக்கும். பதறாமல் கையால் தூக்கிவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நிப்பிளைத் திறந்து விட்டு ஒயிலைச் சும்மா வடிய விட்டாலும் போதும், கிண்ணம் காயாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பலரும் விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்லேவ் பம்பின் நிப்பிள் மேல் பக்கத்தில் இருக்கும். புதிய ஒயில் மேலால் வந்து மேலாலேயே போய்விடும், அடியில் உள்ள கறுத்த ஒயில் அப்படியே கிடக்கும். குழாயில் தெளிந்த ஒயிலைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள், ஒரு கிழமையில் கிண்ணம் திரும்பவும் கறுக்கும், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போவார்கள். கியர்பொக்ஸுக்கு வெளியே ஸ்லேவ் பம்ப் உள்ள காரென்றால், அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி, குழாயோடு தொங்க விட்டு, நிப்பிளைத் திறந்து, தண்டைக் கையால் மெதுவாக முழுக்க உள்ளே தள்ளுங்கள். அடியில் கிடந்த மை போன்ற சரக்கு அப்போதுதான் வெளியே வரும். நிப்பிளை மூடிய பின்தான் கையை எடுக்க வேண்டும். பம்ப் வெளியே இருக்கும்போது கிளட்சை யாரும் மிதித்துவிடக் கூடாது, பிஸ்டன் பாய்ந்து வெளியே விழும். திரும்பப் பூட்டி, இன்னும் கொஞ்சம் புது ஒயில் ஓட விடுங்கள்.

பம்பைக் கழற்றிக் கழுவும் நிலை வந்தால் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள். நம் கராஜ்களில் எல்லாவற்றுக்கும் ஒரே மண்ணெண்ணெய்த் தட்டுத்தான். பிறேக் கப்பின் இறப்பருக்கு அது ஆகாது, ஊதிப் பெருத்துவிடும். புதிய பிறேக் ஒயிலிலேயே கழுவலாம், அல்லது பிறேக் கிளீனர் அடிக்கலாம். எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்டியரிங் ஒயிலோ தவறிப்போய்க் கிண்ணத்தில் விழுந்தாலும் அதே கதி. கிண்ண மூடியின் உள் இறப்பர் வீங்கி நெளிந்து இருந்தால் யாரோ அப்படி விட்டிருக்கிறார்கள் என்று பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒயில் மாற்றுவதோடு முடியாது, இறப்பர் சாமான் எல்லாமே மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பிறேக்கை அமத்திப் பிடியுங்கள். கல்லுப் போல நின்றால் நல்லது. பஞ்சு போல இருந்தால் எங்கேயோ காற்று இருக்கிறது. அமத்திப் பிடித்திருக்கும்போதே மெதுவாக, மெதுவாகக் கீழே இறங்கினால் வெளியே ஒழுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மாஸ்டர் பம்புக்குள் கப் கசிகிறது, எவ்வளவு ஒயில் மாற்றினாலும் சரிவராது. நாலு நிப்பிளையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, குட்டி இறப்பர் மூடிகளைத் திரும்பப் போடுங்கள், இல்லாதவற்றுக்குப் புதிது வாங்குங்கள். வீட்டு ஒழுங்கையிலேயே மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் பிரதான வீதிக்கு எடுக்க வேண்டும். கிளட்சுக்கு ரிவர்ஸ் கியர்தான் சோதனை: எஞ்சின் ஓடும்போது கிளட்சை முழுக்க மிதித்து, ஒரு நிமிடம் பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று கத்தாமல் விழுந்தால் காற்று இல்லை. அடுத்த நாள் காலையில் காரை எடுக்க முன்னம் நிப்பிள்களில் ஈரம் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பாருங்கள்.

ஸ்லேவ் பம்பையும் இப்படி வடிவாகக் கழுவிய பிறகும் ஒரு மாதத்துக்குள் கிளட்ச் கிண்ணம் திரும்பக் கறுத்தால், அது பழைய அழுக்கு அல்ல, கப் தேய்ந்துகொண்டிருக்கிறது. மாஸ்டர் பம்புக்கும் ஸ்லேவ் பம்புக்கும் இறப்பர் கிட் வாங்கி இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்ததும் பின்னாலேயே வரும், ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி. கப் போடும்போது பம்பின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கீறலோ குழியோ இருந்தால் கிட்டுக்குக் காசு செலவழிக்காமல் முழுப் பம்பையே வாங்கிவிடுங்கள்.